ஷரத்துகளை விடாமல் படித்த வக்கீல்: தாடியஸ் ஸ்டீவன்ஸ்

லிங்கன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தக் கடிதம்தான். (அதை லிங்கன் எழுதினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, அது தனிக் கதை.) அதை விட்டால், அடிமை முறையை ஒழித்தவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சட்டமாக்க நாடாளுமன்றத்தில் யார் யாரோடு மல்லுக்கட்டினார்கள், சட்டமான பிறகு அது வெறும் காகிதமாகப் போய்விடாமல் இருக்க யார் ராத்தூக்கம் கெட்டார்கள் என்பதெல்லாம் நம் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. பேசினால் முதலில் வர வேண்டிய பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பென்சில்வேனியா மாநிலத்து வக்கீல். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தவர், தலைமுடி முழுக்க உதிர்ந்து எப்போதும் விக் வைத்திருப்பவர், சூதாட்ட மேசையில் அடிக்கடி தென்படுபவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர், நாக்கில் விஷம் வைத்திருப்பவர் என்று எதிரிகள் சொல்ல அதை மறுக்கக்கூட மெனக்கெடாதவர்.

ஆனால் இந்த ஆளின் கதையை நல்லவராகத் தொடங்க முடியாது. 1821-லிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் அடிமை. பென்சில்வேனியாவில் 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. அதில் ஒரு ஷரத்து: வெளி மாநிலத்தார் தங்கள் அடிமையோடு வந்து தங்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை. சாரிட்டியை அவருடைய எஜமானியம்மா பல முறை பென்சில்வேனியாவுக்குக் கூட்டி வந்திருக்கிறார். வந்து தங்கிய நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டிவிடுகிறது, ஆகவே நானும் என் பிள்ளைகளும் சுதந்திர மனிதர்கள் என்பது சாரிட்டியின் வாதம். எதிர்த்தரப்புக்கு ஆஜரானவர் கெட்டிஸ்பர்க்கில் தொழில் செய்துகொண்டிருந்த 29 வயது வக்கீல் ஸ்டீவன்ஸ். சட்டம் சொல்வது தொடர்ச்சியான ஆறு மாதம், விட்டுவிட்டு வந்ததைக் கூட்டிக் கணக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் வாதாடினார். நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சாரிட்டியும் பிள்ளைகளும் மறுபடி அடிமைகள்.

ஒரு வார்த்தைக்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து முடிந்துபோன வழக்கு இது. வென்றவர் ஸ்டீவன்ஸ். இதைப் பற்றி அவர் மனதில் என்ன ஓடியது என்று நாம் ஊகிக்கத்தான் முடியும், ஆனால் 2 ஆண்டு கழித்து, 1823-ல், சுதந்திர தின விருந்து ஒன்றில் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும்போது, அடுத்த ஜனாதிபதி எந்த மனிதனுக்கும் அடிமை விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்றார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை ஒரே திசையில்தான் போகிறது. அதை உறுத்தல் என்பதா, மனமாற்றம் என்பதா, இல்லை கட்சிக்காரருக்காக வாதாடுவது வேறு, சொந்தக் கொள்கை வேறு என்று அந்த வயதில் பிரித்து வைத்திருந்தாரா, வரலாற்றாசிரியர்கள் அவரவர் கணக்குக்கு எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு ஷரத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை அந்த வழக்கில் கண்ணெதிரே பார்த்தவர் அவர். அந்தப் பாடத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

பிறந்தது 1792-ல், வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற ஊரில். அப்பா செருப்புத் தைப்பவர், குடிகாரர், பிள்ளைகள் சிறுசுகளாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுவிட்டுப் போனவர். நான்கு மகன்களையும் வளர்த்தது அம்மா சாரா. கால் ஊனமான பையன் வயலில் வேலைக்கு ஆகமாட்டான், படிக்கவாவது செய்யட்டும் என்று அந்த அம்மாள் மாடாய் உழைத்துப் படிக்க வைத்தார். டார்ட்மவுத் கல்லூரியில் 1814-ல் பட்டம். பிறகு பென்சில்வேனியாவின் யார்க் நகரில் வாத்தியார் வேலை, ராத்திரியில் சட்டப் படிப்பு. ஆனால் வேறு தொழில் பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர்களை வக்கீலாகச் சேர்ப்பதில்லை என்று அந்த ஊர் வக்கீல்கள் முடிவெடுத்துவிட, இவர் குதிரையேறி மாநில எல்லையைத் தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் ஊருக்குப் போய்த் தேர்வெழுதிச் சான்றிதழோடு திரும்பி வந்தார். அந்தத் தேர்வில் கேட்டது சில கேள்விகள்தான், மீதியெல்லாம் தேர்வாளர்களுக்கு வாங்கிக் கொடுத்த மடீரா ஒயினிலேயே முடிந்துவிட்டது என்று அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வாராம்.

கெட்டிஸ்பர்க்கில் தொழில் சூடுபிடித்தது, சொத்தும் சேர்ந்தது. 1833-ல் பென்சில்வேனியா சட்டசபைக்குப் போனார். ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்துக்கு எதிராகவே அப்போது ஒரு கட்சி இருந்தது, அதில்தான் சேர்ந்தார். அந்தச் சங்கத்தை ஒழிக்கிறேன் பேர்வழி என்று அவர் நடத்திய விசாரணைகள் எதுவும் உருப்படவில்லை, அதை விட்டுவிடலாம். உருப்பட்டது பள்ளிக்கூட விஷயம்.

அதுவரை பென்சில்வேனியாவில் ஏழைப் பிள்ளைக்கு இலவசக் கல்வி வேண்டுமென்றால், நான் பரம ஏழை என்று பெற்றவர்கள் அதிகாரிகளிடம் சொல்லிப் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். மானம் உள்ளவன் யார் போய் எழுதிக்கொள்வான்? பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வான். 1834-ல் எல்லாருக்கும் பொதுவான இலவசப் பள்ளிச் சட்டம் வந்தது. வந்த வேகத்தில் எதிர்ப்பும் கிளம்பியது: எவன் பிள்ளையோ படிக்க நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று. அடுத்த ஆண்டே சட்டத்தை ரத்து செய்யும் மசோதா செனட்டில் நிறைவேறி, கீழ்ச்சபையிலும் நிறைவேறிவிடும் என்ற நிலை. 1835 ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். குற்றம் நடந்த பிறகு தண்டிக்கச் சிறைச்சாலைக்கு வரி கட்டுகிறாயே, அந்தச் சிறைக்குள் நீ போகப் போவதில்லை என்றாலும் கட்டுகிறாயே, அந்தக் குற்றமே நடக்காமல் தடுக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட மாட்டாயா என்ற தொனியில் போன பேச்சு. ரத்து செய்ய வந்தவர்களே மனம் மாறி வாக்களித்தார்கள், சட்டம் பிழைத்தது. தன் வாழ்நாளில் செய்த வேலைகளில் இதையே அவர் மிகவும் பெருமையாக நினைத்தார் என்பார்கள்.

1838-ல் இரண்டு விஷயம். மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் எழுதினார்கள், அதில் வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார்கள். அதுவரை வாக்குரிமை இருந்த கறுப்பினத்தவருக்கு அன்றோடு போயிற்று. அந்த ஒரு வார்த்தைக்காக ஸ்டீவன்ஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இன்னொன்று கொஞ்சம் சிரிப்பானது. அந்த டிசம்பரில் தேர்தல் முடிவுத் தகராறில் சட்டசபைக்குள் இரு தரப்பும் ஆளுக்கொரு சபாநாயகரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உட்கார, வெளியே இருந்து கூட்டம் உள்ளே புகுந்து மிரட்ட, ஸ்டீவன்ஸும் கூட்டாளிகளும் ஜன்னல் வழியாக எகிறிக் குதித்துத் தப்பித்தார்கள். வளைந்த காலோடு எப்படிக் குதித்தாரோ! ஆளுநர் ராணுவத்தைக் கூப்பிட்டு, அவர்கள் கொண்டுவந்த ஈயக்குண்டுகளின் பெயரால் அதற்கு 'பக்‌ஷாட் யுத்தம்' என்றே பெயர் வந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

தான் பிறந்த மாவட்டத்தின் நினைவாகக் கலிடோனியா என்று பெயர் வைத்து ஓர் இரும்பாலை நடத்தினார். நடத்தினார் என்பதைவிட அது அவரைக் கடனில் நடத்தியது என்று சொல்லலாம். 1842 வாக்கில் கடன் 2 லட்சம் டாலருக்கும் மேல். திவால் மனு போட்டுத் தப்பித்திருக்கலாம். அதைச் செய்யாமல், பெரிய கட்சிக்காரர்கள் கிடைக்கும் லங்காஸ்டர் நகருக்குக் குடிபோய் வக்கீல் வருமானத்தில் ஆண்டுக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார்.

லங்காஸ்டர் மாவட்டம் மேரிலாந்து எல்லையை ஒட்டியது. தப்பி வரும் அடிமைகள் வடக்கே போகும் வழி. அவர்களைப் பிடித்துத் தரும் கூலிக்காரர்களும் அதே வழியில் திரிந்தார்கள். ஸ்டீவன்ஸ் 1847-ல் ஒரு கூட்டாளிக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கூலிக்காரர்கள் வைத்திருக்கும் உளவாளிகளை உளவு பார்க்கத் தன்னிடம் ஓர் ஆள் இருப்பதாக எழுதியிருக்கிறார். ஆபத்து வரும்போது தப்பி வந்தவர்களுக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். 2000-களின் தொடக்கத்தில் லங்காஸ்டரில் அவர் வீட்டுப் பகுதியைத் தோண்டியபோது தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், அதன் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையும் கிடைத்தன. ஆட்களை ஒளித்து வைத்த இடமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அந்த வீட்டை நிர்வகித்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித், கலப்பினக் கைம்பெண், இரண்டு மகன்களுக்குத் தாய். 1840-களின் கடைசியில் வேலைக்கு வந்தவர், ஸ்டீவன்ஸ் கண்மூடும்வரை இருபது ஆண்டு உடன் இருந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? இருவருக்கும் என்ன உறவு என்று பத்திரிகைகளே எழுதின. ஸ்டீவன்ஸ் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. அவரை 'மிஸஸ் ஸ்மித்' என்றுதான் கூப்பிட்டார், வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். கறுப்பினப் பெண்களை வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடும் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

1851-ல் லங்காஸ்டர் மாவட்டத்துக் கிறிஸ்டியானா கிராமத்துக்கு எட்வர்ட் கோர்சச் என்ற மேரிலாந்து பண்ணையார், தப்பியோடிய தன் அடிமைகளைப் பிடிக்க வாரண்டோடு வந்தார். அங்கிருந்த கறுப்பினத்தவர்கள் எதிர்த்து நின்றதில் கோர்சச் செத்துப்போனார். அரசாங்கம் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது தேசத்துரோக வழக்கே போட்டது. முதலில் கூண்டில் ஏறியது காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர். அவர் செய்த குற்றம், பிடிக்க உதவி செய் என்று கேட்டபோது முடியாது என்று சொன்னது. பிலடெல்பியாவில், சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடத்தில் விசாரணை. ஸ்டீவன்ஸ் எதிர்வாதக் குழுவில். ஜூரி கால் மணி நேரத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டது, மற்றவர்கள் மீதான வழக்கும் கரைந்துபோயிற்று. சாரிட்டி பட்லர் வழக்குக்குச் சரியாக 30 ஆண்டு கழித்து.

அதற்குள் அவர் வாஷிங்டனுக்குப் போய்விட்டிருந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர் (நம்மூர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), அதன் கீழ்ச்சபையில் 1849 முதல் 1853 வரை ஒரு சுற்று. பிறகு 1859-ல், 67 வயதில், லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சிக்காரராகத் திரும்பி வந்தார். 1861-ல், அடிமை முறையை விட மனமில்லாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர் வெடித்தபோது வரவு செலவைக் கவனிக்கும் குழுவுக்குத் தலைவர். போருக்கான பணம் முழுக்க அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தங்கம் போதவில்லை என்றதும், தங்கப் பின்பலம் இல்லாத காகிதப் பணத்தையே செல்லுபடியாகும் நாணயம் ஆக்கும் சட்டத்தை 1862-ல் நிறைவேற்றிக் கொடுத்தார். முதல் தவணை 15 கோடி டாலர். பின்பக்கம் பச்சை மையில் அச்சானதால் வந்த 'கிரீன்பேக்' என்ற பெயர் டாலருக்கு இன்றும் உண்டு.

லிங்கனோடு அவருக்கு ஒத்தும் போகும், ஒத்தும் போகாது. லிங்கன் மெதுவாகப் போகிறார் என்பது இவருடைய தீராத குறை. அமைச்சர் பதவிக்குப் பேசப்பட்ட சைமன் கேமரன் கைசுத்தமான ஆளா என்று லிங்கன் கேட்டாராம், பழுக்கக் காய்ந்த அடுப்பைத் திருட மாட்டார் என்று ஸ்டீவன்ஸ் பதில் சொன்னாராம். அது கேமரன் காதுக்குப் போய், வாபஸ் வாங்கச் சொல்லிச் சண்டைக்கு வர, சரி, அப்படியானால் அடுப்பைத் திருட மாட்டார் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். நடந்ததோ இல்லையோ, அவர் நாக்கு எப்படிப்பட்டது என்பதற்கு இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

1863 ஜூன் மாதம், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள் முன்பு, தெற்குப் படையின் தளபதி ஜூபல் எர்லி வழியில் இருந்த கலிடோனியா இரும்பாலையைத் தேடிப் போய்க் கொளுத்தினார். வழக்கமாகத் தனியார் சொத்தை விட்டுவைக்கச் சொல்லி மேலிட உத்தரவு இருந்தும், உரிமையாளர் ஸ்டீவன்ஸ் என்பதாலேயே கொளுத்தினார். செய்தி கேட்ட ஸ்டீவன்ஸ், கடன் பத்திரங்களையும் சேர்த்துக் கொளுத்தினார்களா என்று கேட்டதாகக் கதை.

அடிமை முறையை ஒழிக்கும் 13-ஆவது திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று கீழ்ச்சபையில் 119-க்கு 56 என்று தேறியது. அந்த மாதத் தொடக்கத்தில் எதிர்க்கட்சியினர் அவரைச் சீண்டினார்கள்: கறுப்பர்கள் எல்லா விதத்திலும் வெள்ளையருக்குச் சமம் என்கிறாயா? ஆமாம் என்றால் நடுவில் நிற்கும் ஓட்டுகள் பறந்துவிடும். ஸ்டீவன்ஸ் சொன்னது: எல்லாவற்றிலும் சமம் என்று நான் சொல்லவில்லை, சட்டத்தின் முன் சமம், அவ்வளவுதான். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் அவர் அதற்கு மேலும் நம்பியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் ஓட்டு எண்ணத் தெரிந்த மனிதர்.

ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். ஆண்ட்ரூ ஜான்சன் ஜனாதிபதி. இனி நடந்ததுதான் ஸ்டீவன்ஸ் வாழ்க்கையின் கனமான பகுதி, அதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அடிமை முறை இருந்தவரை, ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் என்று கணக்கிடும்போது அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணுவார்கள். அடிமை முறை போனதும் ஐந்து பேரும் ஐந்தாகவே எண்ணப்படுவார்கள். ஆனால் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அதாவது, போரில் தோற்ற தெற்கு மாநிலங்கள் போருக்கு முன்பிருந்ததைவிட அதிக இடங்களோடு நாடாளுமன்றத்துக்குத் திரும்பும்! ஜான்சன் அந்த மாநிலங்களை அவசர அவசரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அங்கேயோ, விடுதலையான கறுப்பினத்தவரை அடக்கப் புதுச் சட்டங்கள் முளைத்தன. மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் வேலையில் இருப்பதற்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலையற்றுத் திரிபவன் என்று பிடித்து அபராதம், கட்ட முடியாவிட்டால் கூலிக்கு ஏலம். விலங்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றால் கட்டுகிற வேலை.

1865 டிசம்பர் 4, சபை கூடுகிற முதல் நாள். சபாநாயகர் தேர்ந்தெடுக்கப்படும்வரை சபையை நடத்துவது செயலரின் வேலை, அவர்தான் உறுப்பினர் பட்டியலை வாசிப்பார். செயலர் எட்வர்ட் மெக்ஃபெர்சன், கெட்டிஸ்பர்க்காரர், அரசியலில் ஸ்டீவன்ஸ் வளர்த்துவிட்ட ஆள். மெக்ஃபெர்சன் வாசித்தார். தெற்கு மாநிலத்துக்காரர்களின் பெயர்களை மட்டும் வாசிக்கவில்லை. டென்னசியிலிருந்து வந்த ஹொரஸ் மேனார்ட், ஆளுநர் கொடுத்த தேர்தல் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெக்ஃபெர்சன் கண்டுகொள்ளவில்லை. மறுபடி எழுந்தார். பட்டியலில் பெயர் இல்லாதவரைப் பேச அனுமதிக்க முடியாது என்று பதில் வந்தது. எதிர்க்கட்சி கூச்சல் போட்டது, எடுபடவில்லை. பெயர் வாசித்தால்தான் உறுப்பினர், உறுப்பினர் என்றால்தான் பேசலாம், பேசினால்தான் பெயரைச் சேர் என்று கேட்கலாம். பல நாள் முன்பே திட்டமிட்ட காரியம் இது. மேனார்ட் போரில் வடக்கின் பக்கம் நின்றவர் என்பதால் அவரையே உள்ளே விடாதது கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் அவருக்குக் கதவைத் திறந்தால் பின்னால் நிற்கிற எல்லாருக்கும் திறந்தாக வேண்டும். ஜனாதிபதி கதவைத் திறந்து வைத்திருந்தார், ஸ்டீவன்ஸ் ஒரு வருகைப் பதிவை வைத்து அதைச் சாத்தினார். 1821-ல் ஆறு மாதத்தை எண்ணிய அதே மூளை.

சாத்திய கதவுக்குப் பின்னால் 15 பேர் கொண்ட கூட்டுக்குழுவில் உருவானது 14-ஆவது திருத்தம். அதன் முதல் பிரிவை எழுதியதில் பெரும்பங்கு ஒஹையோ வக்கீல் ஜான் பிங்ஹாமுடையது. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் யாருக்கும் மறுக்கக் கூடாது. அமெரிக்காவில் குழந்தை பிறந்தால் அது அமெரிக்கக் குடிமகன் என்று இன்று நம்மவர்கள் பேசுகிறார்களே, அதன் வேர் இங்கேதான். கறுப்பினத்தவருக்கு நேரடியாக ஓட்டுரிமை அதில் இல்லை, ஓட்டு மறுத்தால் அந்த மாநிலத்துக்கு இடங்கள் குறையும் என்று மட்டும் இருந்தது. ஸ்டீவன்ஸுக்கு அதில் திருப்தியில்லை. 1866 ஜூன் 13 அன்று இறுதி ஓட்டெடுப்புக்கு முன் அவர் பேசியது அரசியல்வாதிகள் வழக்கமாகப் பேசுவதில்லை: சிறு வயதிலும் நடுவயதிலும் இந்த முதுமையிலும் ஒரு கனவு கண்டேன், என்றாவது ஒருநாள் எல்லா அமைப்புகளையும் அடியோடு மாற்றியமைத்து ஏற்றத்தாழ்வே இல்லாமல் செய்துவிடலாம் என்று, அந்தக் கனவு கலைந்துவிட்டது, பழைய கட்டடத்தின் மோசமான பகுதிகளுக்கு ஒட்டுப்போடுவதோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது. அப்படியானால் ஏன் இதற்கு ஓட்டுப் போடுகிறாய் என்று கேட்டால், நான் தேவதைகளுக்கு நடுவில் வாழவில்லை, மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறேன் என்பதே பதில். 120-க்கு 32.

அடுத்த மார்ச்சில், 1867-ல், ஜான்சனின் மறுப்பாணையையும் மீறிப் புனரமைப்புச் சட்டம் வந்தது: பத்து தெற்கு மாநிலங்கள் ஐந்து ராணுவ மாவட்டங்களாகும், கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டு கொடுத்துப் புது அரசியல் சட்டம் எழுதினால்தான் திரும்பிச் சேரலாம். மூன்றே ஆண்டில் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டுக்கு வந்தார்.

இதெல்லாம் அவர் ஜெயித்தது. தோற்றது நிலத்தில்.

1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் பேசியபோது ஒரு கணக்கு வைத்தார். கிளர்ச்சியை நடத்திய பெரும் பணக்காரர்கள் சுமார் 70,000 பேர். அவர்களுடைய நிலத்தையும் அந்த மாநில அரசுகளின் நிலத்தையும் எடுத்தால் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர். விடுதலையான ஆண்கள் 10 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டு ஆளுக்கு 40 ஏக்கர் கொடுத்தால் 4 கோடி ஏக்கர்தான் ஆகும். மீதியை ஏக்கர் 10 டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர், அதில் போர்க்கடனை அடைக்கலாம். கணக்கு சுத்தம். மாற்றுத் துணியும் ஒரு பிடி மண்ணும் இல்லாமல் வெளியே விட்டால், அவன் நாளைக்குக் கூலி கேட்டு நிற்கப் போவது பழைய எஜமான் வாசலில்தானே? பிறகு ஓட்டு யார் சொல்கிறபடி விழும்? காலிப் பானைக்கு மூடி போட்டு என்ன பிரயோஜனம்?

சபை கேட்கவில்லை. 1866 பிப்ரவரியில் நிலம் கொடுக்க அவர் கொண்டுவந்த திருத்தம் 126-க்கு 37 என்று தோற்றது. ஓட்டுரிமைக்கும் சம உரிமைக்கும் கூட நின்ற சொந்தக் கட்சிக்காரர்களே, தனியார் சொத்து என்றதும் பின்வாங்கினார்கள். வடக்கில் ஆலை வைத்திருந்தவர்களுக்கு, இன்றைக்குத் தெற்கில் நிலத்தைப் பங்கிட்டால் நாளைக்கு நம் தொழிலாளி நம் ஆலையில் பங்கு கேட்பான் என்ற பயமும் இருந்தது. 1867 மார்ச்சில் 40 ஏக்கரும் வீடு கட்ட 50 டாலரும் என்று மறுபடி ஒரு மசோதா கொண்டுவந்தார், உடம்பு முடியாமல் இன்னொருவரை வாசிக்க வைத்தார், அதுவும் அப்படியே கிடந்துபோயிற்று. தளபதி ஷெர்மன் போரின்போதே கடற்கரையோரம் கறுப்பினக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்த நிலத்தில் பெரும்பகுதியையும் ஜான்சன் பழைய சொந்தக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு பல தலைமுறைகள் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுது கடனில் மூழ்கின. ஸ்டீவன்ஸின் எல்லா முயற்சிகளிலும் அவர் சொன்னது மிகச் சரியாக இருந்ததும், மிக மோசமாகத் தோற்றதும் இதில்தான் என்பது என் கருத்து.

ஜான்சனைப் பதவிநீக்கும் முயற்சி எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால் சுருக்கமாக. 1868 பிப்ரவரியில் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை ஜான்சன் நீக்கினார், நீக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது, கீழ்ச்சபை 126-க்கு 47 என்று குற்றம் சாட்டியது. ஸ்டீவன்ஸுக்கு 75 வயது, நடக்க முடியாது. இரண்டு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு செனட்டுக்குப் போவார்கள். நீங்கள் இரண்டு பேரும் செத்துப்போன பிறகு என்னை யார் தூக்குவார் என்று அவர்களிடம் கேட்பாராம். வழக்கில் பேச எழுந்தவருக்குப் பாதியில் குரல் போய்விட்டது, மீதியை இன்னொருவர் வாசித்தார். மே 16 அன்று 35-க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஓட்டு குறைவு. நாற்காலியில் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது நாடு நாசமாகப் போகிறது என்று கத்திக்கொண்டே வந்தார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வழக்கு சட்டப்படி பலவீனமானதுதான். ஷரத்து தெரிந்த ஆளே கோபத்தில் ஷரத்தைப் பார்க்காமல் போன இடம்.

14-ஆவது திருத்தம் அந்த ஜூலையில் அமலுக்கு வந்தது. ஆகஸ்ட் 11 நள்ளிரவில், வாஷிங்டனில் அவர் இறந்தார். பக்கத்தில் மிஸஸ் ஸ்மித்தும் உடன்பிறந்தவரின் மகனும் கன்னியாஸ்திரீகளும். நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் உடல் வைக்கப்பட்டது. அதற்கு முன் அந்த மரியாதை கிடைத்தது ஹென்றி கிளேக்கும் லிங்கனுக்கும் மட்டும். காவல் நின்றது கறுப்பினப் படைவீரர்கள். லங்காஸ்டர் குடியரசுக் கட்சிக்காரர்கள் இறந்துபோனவரையே அடுத்த தேர்தலுக்கு வேட்பாளராக அறிவித்து மரியாதை செய்தார்கள். பின்னால் காற்று திரும்பியது. 1915-ல் வந்து பெரும் வசூல் பார்த்த ஒரு மௌனப்படத்தில் விக்கும் வளைந்த பாதமும் கலப்பினப் பணிப்பெண்ணுமாக ஒரு வில்லன் வந்தான், வேறு பெயரில். அரை நூற்றாண்டுக்கு அமெரிக்கர்களில் பலர் மனதில் ஸ்டீவன்ஸ் என்றால் அந்த வில்லன்தான்.

உயிலில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி அமைக்கப் பணம் ஒதுக்கியிருந்தார், நிறமோ இனமோ பார்க்கக் கூடாது, எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. லங்காஸ்டரில் அவர் பெயரால் இன்றும் நடக்கும் தொழில்நுட்பக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. அம்மாவின் கல்லறையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு வசந்தத்திலும் ரோஜாவும் மனதுக்கு இதமான வேறு பூக்களும் நட வேண்டும் என்று அதற்குத் தனியாகப் பணம்.

தனக்கென்று லங்காஸ்டரில் கல்லறை இடம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். பத்திரத்தைப் படித்தவருக்கு, வெள்ளையர்களை மட்டுமே புதைக்கலாம் என்ற ஷரத்து கண்ணில் பட்டது. பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். செஸ்ட்நட் தெருவும் மல்பெரி தெருவும் சேரும் இடத்தில், அப்படி நிபந்தனை இல்லாத ஒரு சின்ன மயானத்தைத் தேடிக்கொண்டார், கல்லில் எழுத வேண்டியதையும் தானே எழுதிக் கொடுத்தார். இந்த ஒதுக்குப்புறமான இடத்தில் நான் படுத்திருப்பது தனிமை பிடித்ததால் இல்லை, மற்ற மயானங்களின் விதிகளில் இனக் கட்டுப்பாடு இருப்பதைக் கண்டு, படைத்தவன் முன் மனிதர் எல்லாரும் சமம் என்று நெடுங்காலம் வாதாடியதைச் சாவிலும் காட்டவே இங்கே வந்தேன் என்று போகிறது அந்த வாசகம்.

மிஸஸ் ஸ்மித் அவர் வீட்டை விலைக்கு வாங்கினார், வாஷிங்டனிலும் லங்காஸ்டரிலும் சொத்து வாங்கி விற்று நன்றாகவே வாழ்ந்தார், 1884-ல் இறந்தார். கத்தோலிக்கர் என்பதால் அவரைப் புதைத்தது கத்தோலிக்க மயானத்தில். அவருடைய உயிலிலும் ஒரு கல்லறைக்குப் பணம் ஒதுக்கியிருந்தது, ஸ்டீவன்ஸின் கல்லறையைப் பராமரிக்க.